மூன்றாவது கண்ணாடித் தூண்

ஏழுவண்ணம் சூப்பர் மார்க்கெட்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தர்மம் செய்ய யாரும் வெட்கப்பட்டதில்லை. பில் போட்டதும் ஒரு மஞ்சள் வில்லையைக் கையில் தருவார்கள். வாசலில் ஆளுயரத்துக்கு மூன்று கண்ணாடித் தூண்கள், மூன்று தொண்டு நிறுவனங்களுக்கு. பிடித்த தூணில் வில்லையைப் போட்டுவிட்டுப் போகலாம். ஆண்டு முடிவில் எந்தத் தூணில் அதிகம் சேர்ந்திருக்கிறதோ, கடையின் நன்கொடை முழுவதும் அந்த நிறுவனத்துக்குப் போகும்.

அதைப் பற்றி ஈரோட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. ஜெயிக்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுவதுபோல நிறைந்த தூணிலேயே போட்டார்கள் சிலர். குறைந்த தூணைப் பார்த்து, 'அய்யோ பாவம்' என்று அதில் போட்டார்கள் சிலர். குழந்தை கை எட்டிய தூணில் போட்டவர்களும், வில்லையை மறந்து பையோடு கொண்டுபோய் வீட்டில் தாயம் ஆடக் காயாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. "அவன் லாபத்துல குடுக்கறதை நம்ம கையால போடச் சொல்லி, நமக்குப் புண்ணியங்கறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டவர்களும் உண்டு. எப்படிப் போட்டாலும் போட்டவருடைய மனசு அவருக்குள்ளேயே இருந்தது.

பிறகுதான் கைப்பிடி வந்தது.

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. தள்ளுவண்டியின் கைப்பிடிமேல் கறுப்பாக ஒரு உறை. பார்த்தால் சாதாரண ரப்பர். சாமான்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால் கதவு திறப்பதற்கு முன் எதிர்த் திரையில் மூன்று படங்கள் வரும். முதலில் தெருநாய்க் காப்பகம், அடுத்து அரசு பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை, கடைசியில் மனநோயாளிகள் தங்கியிருக்கும் துணை இல்லம். எந்தப் படத்துக்குக் கை உள்ளுக்குள் அசைகிறது என்பதைக் கைப்பிடி பார்த்துக்கொள்ளும். மேலே உள்ள குழாயிலிருந்து ஒரு மஞ்சள் கோலி உருண்டுவந்து அந்தத் தூணுக்குள் விழும். டங்கென்று சத்தம் கேட்கும். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்.

"டோக்கன்ல பொய் சொல்லலாமுங்க. கை பொய் சொல்லாது" என்றார் மேலாளர் மகேந்திரன், தொடக்க விழாவில். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டிய கைகள் ஒரு வாரத்தில் வண்டியைத் தொடவே அஞ்சின. பெண்கள் பள்ளிக்காக வீடு வீடாகப் போய்ப் பேசிய கவுன்சிலரின் மனைவிக்குக் கோலி நாய்த் தூணில் விழுந்தது. பின்னால் நின்ற ஒருவன், "அக்கா மனசுக்குள்ள வாலாட்டுதுங்கோ" என்றான். அந்த அம்மாள் மறுநாளிலிருந்து வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார். சிலர் வண்டியே வேண்டாமென்று அரிசிச் சிப்பத்தைத் தோளில் தூக்கிப் போனார்கள். சிலருக்குக் கோலியே விழவில்லை. கதவு திறந்துவிடும், தூண்கள் மூன்றும் சும்மா நிற்கும். அவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கல் நெஞ்சம் என்று பெயராகிவிட்டது.

அதற்கும் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நின்று, கைப்பேசியில் சோகமான படங்களைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டு, அந்த ஈரம் காய்வதற்குள் வாசல் பக்கம் வண்டியைத் தள்ளினார்கள். "சித்த இருடி, எனக்கு இன்னும் அழுகை வல்ல" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதைத் துளசிமணி தன் காதாலேயே கேட்டிருக்கிறாள்.

துளசிமணிக்கு அந்த முன்னேற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

அவள் அந்தப் பெண்கள் பள்ளியில்தான் அறிவியல் ஆசிரியை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே அவள் கோலி மூன்றாவது தூணில் விழுந்தது. துணை இல்லத்தின் படம் திரையில் முழுதாகத் தெளிவதற்குள் விழும். கறிவேப்பிலை வாங்க வந்தாலும் விழும், மளிகை மொத்தமும் வாங்க வந்தாலும் விழும். தப்பியதே இல்லை. மகேந்திரன் பில் போடுகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, இதுதான் மனசு. இவங்களுக்கு அங்க ஒறவும் இல்ல, ஒட்டும் இல்ல. சொந்தப் பள்ளிக்கூடம் பக்கத்துத் தூண்ல நிக்குது. இருந்தும் கை எங்க போகுது பாருங்க!"

துளசிமணி சிரித்துக்கொண்டாள். மறுக்கவில்லை.

துணை இல்லத்தில் அவளுடைய தம்பி இருந்தான். தனபால். ஊருக்கு அவன் மஸ்கட்டில் இருந்தான்.

மஸ்கட் என்று முதலில் சொன்னது அவள் கணவர். யாரோ விசாரித்தபோது வாய்க்கு வந்ததைச் சொன்னார். பிறகு அது அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் தனபால் அவர்கள் வீட்டில்தான் இருந்தான். தெருவுக்கே வந்ததில்லை, யாரையும் அடித்ததில்லை, எதையும் உடைத்ததில்லை. சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பான். அவ்வளவுதான். அவள் தோசை வார்த்துக்கொண்டிருப்பாள்; திரும்பினால் அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். "என்னடா?" என்றால் பதில் வராது. தோசைக்கரண்டியைப் பிடித்த அவள் கை இறுகும். அவன் போன பிறகும் விரல்கள் பிரிய நேரமாகும். இல்லத்தில் கொண்டுபோய் விட்ட அன்று அவன் கேட்டது ஒன்றுதான். "அக்கா, நா எதாச்சும் பண்ணீட்டனா?"

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அவள் இல்லத்துக்குப் போவாள். பள்ளியிலிருந்து சேவைக்கு வருகிற ஆசிரியை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மை தெரிந்தவர் பொறுப்பாளர் சிஸ்டர் பிலோமினா மட்டும்தான். ஒருமுறை பள்ளி மாணவிகளை அங்கே அழைத்துப் போக வேண்டிவந்தது. முந்தின வாரம் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியாளுங்க இருக்கறப்ப அக்கான்னு கூப்புடாத தனபாலு. டீச்சர்னு கூப்புடு" என்றாள். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "செரிங்க டீச்சர்" என்றான். அப்போது அங்கே வெளியாள் யாருமில்லை.

அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கோலி எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. வாய் பொய் சொல்லியிருக்கலாம், ஊரெல்லாம் மஸ்கட் என்று நம்பியிருக்கலாம். கை மறக்கவில்லை. தம்பி இருக்கிற இடத்தின் படத்தைப் பார்த்தாலே கை துடிக்கிறது. இயந்திரமே சொல்கிறது. டங் என்ற சத்தம் கேட்டதும் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மன்னிக்கப்பட்டதுபோல் இளகும். தேவையே இல்லாமல் கடைக்குப் போன நாட்களும் உண்டு.

தலைமையாசிரியை மட்டும் ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். "ஏன் டீச்சர், நம்ம புள்ளைங்க ஒன்னுக்குப் போக எடமில்லாம நாள் பூரா தண்ணி குடிக்காம உக்காந்துருக்குதுங்க. உங்க கை ஒருக்காலாவது அது பக்கம் சாயக் கூடாதா?"

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆண்டு முடிகிற சமயத்தில் சிஸ்டர் போன் செய்தார். இல்லத்தின் கட்டடத்தை உரிமையாளர் விற்கப்போகிறார். கடையின் நன்கொடை கிடைத்தால் ஊருக்கு வெளியே சொந்த இடம் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வீடு உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

"தனபாலுக்கு நீங்க இருக்கீங்களே" என்றார் சிஸ்டர், ஆறுதலாக.

மகள் நிவேதாவுக்குக் கோபியில் மாப்பிள்ளை பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் இங்க வந்தான்னா நிச்சயம் நின்னு போயிரும்" என்றார். துளசிமணி ரசம் ஊற்றினாள்.

ஆனால் மூன்றாவது தூண் நிறைந்துகொண்டே வந்தது. அவளுடைய கோலி மட்டுமல்ல, ஊருடைய கோலிகளும் அதில் விழுந்தன. கட்டடம் கைமாறப்போகிற செய்தி பரவிய பிறகு மழைபோல் விழுந்தன. நாய்த் தூண் இடுப்பளவுக்கு வந்திருந்தது. பள்ளித் தூணின் அடியில் ஒரு பிடிக் கோலிகூட இல்லை.

துணை இல்லம் ஜெயித்தது என்று அறிவித்த வாரம், கருத்துக் கேட்க வேண்டும் என்று கைப்பிடி நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். கடையின் மாடியில், சோப்பும் புதுச் சாக்கும் கலந்து மணக்கிற சின்ன அறை. ஹசீனா என்ற இளம்பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். சென்னைப் பேச்சு.

"இந்தத் திட்டத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன மேடம்?"

"டோக்கனை விட இதுதாங்க நெசம். நாமளே நம்மளைத் தெரிஞ்சுக்கறோம்."

ஹசீனா அதைத் தட்டச்சு செய்யவில்லை. துளசிமணியின் விரல்களைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கடையிலயே அழுத்தமா பதிஞ்ச கை உங்களோடதுதான். அதான் உங்களையே கேக்கறேன். அந்த இல்லத்துல இருக்கறவங்களால உங்களுக்கு எப்பவாவது பயம் வந்திருக்கா?"

"பயமா? எதுக்குங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம். கை இறுகும், வேர்க்கும், உள்ளங்கை சில்லுன்னு ஆகும். கைப்பிடிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதை அக்கறைன்னு எழுதி வித்துட்டோம். இப்பத்தான் வீடு வீடா போய் விசாரிக்கறேன். நாய்த் தூண்ல விழுந்ததெல்லாம் யாருதுன்னு நினைக்கறீங்க? நாய் கடிச்சவங்க, நாய் துரத்துனவங்க."

துளசிமணி மேசைமேல் இருந்த கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்த இல்லத்தை மூடப் போறாங்கன்னதும் கோலி குவிஞ்சுதே, அது ஏன்னு எங்களுக்கே முதல்ல புரியல. அவங்கல்லாம் தெருவுக்கு வந்துடுவாங்களோன்னு ஊரே பயந்திருக்கு மேடம். ஸ்கூலுக்கு ஏன் விழல தெரியுமா? பொம்பளப் புள்ளைங்க ஒன்னுக்கு அடக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்கு என்ன பயம்?"

"அப்ப... பிரியமா இருக்கறவங்களுக்கு?"

"பிரியம்னா கை தளர்ந்துடும். அது கைப்பிடிக்குத் தெரியாது. ஒரு அம்மா இருக்காங்க, உங்க ஸ்கூலுக்கு வருஷக்கணக்கா பினாயில் வாங்கிக் குடுக்கறவங்க. அவங்களுக்கு ஒரு கோலிகூட விழல. கல் நெஞ்சக்காரின்னு எல்லாரும் சொன்னதுல, இப்ப இந்தக் கடைப் பக்கமே வர்றதில்ல." ஹசீனா கணினியை மூடினாள். "மேலிடத்துல சொன்னேன். விழா முடியட்டும்னாங்க. உங்களுக்கு அங்க யாரும் இல்லன்னு மேனேஜர் சொன்னாரு. அதான் கேட்டேன். யாரும் இல்லாதவங்களுக்கு இவ்வளவு பயம் வராதே."

கீழே யாருக்கோ கோலி விழும் சத்தம் கேட்டது. துளசிமணி தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்போதும் அவை ஈரமாகத்தான் இருந்தன.

"எனக்கு அங்க யாரும் இல்லீங்க" என்றாள்.

ஹசீனா தலையசைத்தாள். நம்பியதுபோலவும் இல்லை, நம்பாததுபோலவும் இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கடை வாசலிலேயே. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். இல்லத்தின் புதுக் கட்டடம் எப்படி இருக்கும் என்று பெரிய பலகையில் வரைந்து வைத்திருந்தார்கள். அதில் கட்டடம் சின்னதாகவும் சுற்றுச்சுவர் பெரிதாகவும் இருந்தது. முதலில் சுவர்தான் எழும்பும் என்று மகேந்திரன் மைக்கில் சொன்னபோது முன்வரிசையில் கைதட்டல் பலமாக இருந்தது.

மகேந்திரன் துளசிமணியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். கூட்டத்தில் கணவர் இருந்தார், நிவேதா இருந்தாள். கோபியிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். 'எங்க சம்பந்தியம்மாவுக்குத்தான் மரியாதை' என்று வரும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். வரவேண்டாம் என்று துளசிமணி அவர்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தாள்.

வேனிலிருந்து இல்லத்துக்காரர்கள் சிலர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. இப்போதெல்லாம் நன்றாகப் பேசுகிறான் என்று சிஸ்டர் ஒருவனைப் பிடித்து மேடைக்கு அனுப்பினார். அனுப்புகிறபோது சிஸ்டர் துளசிமணியைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தோஷம் இருந்தது. நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

தனபால் படியேறி வந்தான். அக்காவைப் பார்த்தான். அவன் வாய் லேசாகத் திறந்தது.

அந்த ஒரு கணத்தில் துளசிமணிக்குப் பந்தல், கூட்டம், சால்வை எதுவும் தெரியவில்லை. அந்த வாயிலிருந்து வரப்போகிற சொல் மட்டும்தான்.

"வணக்கமுங்க டீச்சர்" என்றான் தனபால். கைகூப்பினான்.

அவள் மூச்சு வெளியே வந்தது. அது நிம்மதி என்று தெரிந்ததும் செத்துப்போகலாம்போல் இருந்தது.

தனபால் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "எங்களுக்கு இருக்க எடம் குடுத்தீங்க. எல்லாருக்கும் நன்றிங்க. எங்கள்ல நெம்பப் பேருக்கு வெளிய யாருமில்லீங்க. இந்த டீச்சர் வருவாங்க. தேங்காய் பன்னு வாங்கியாருவாங்க." யோசித்தான். "அவுங்களுக்கு எங்க மேல நெம்பப் பிரியமுங்க. கோலி விழுந்துச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவன் என் தம்பி என்று சொல்ல மூன்றே மூன்று சொல் போதும். அவை நாக்கின் அடியில் வந்து நின்றன. துளசிமணி நிவேதாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொற்கள் உள்ளே போய்விட்டன.

மகேந்திரனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "தம்பி, நீங்களும் ஒருக்காப் புடிச்சுப் பாருங்க!" என்று ஒரு தள்ளுவண்டியை மேடைக்குத் தூக்கிவரச் சொன்னார். தூண்கள் வாசலில் எல்லோர் பார்வையிலும் நின்றன. திரை எரிந்தது.

தனபால் கைப்பிடியைப் பிடித்தான். நாய்கள் வந்தன, பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடம் வந்தது. பிறகு அவனுடைய இல்லமே வந்தது. அதையும் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

கோலி விழவில்லை.

"மெசின் தூங்கிருச்சாட்ட இருக்குது" என்றார் மகேந்திரன். மறுபடி படங்களை ஓட்டச் சொன்னார். மறுபடியும் விழவில்லை. கூட்டத்தில் ஒருவன், "மண்டையில இருந்தாத்தான கைக்கு வரும்?" என்றான். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மெல்லப் பரவியது. பொல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது. ரோஸ்மில்க் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

தனபாலின் முகம் மாறியது. இல்லத்து வாசலில் நின்று கேட்டானே, அதே முகம்.

"நா செரியாப் புடிக்கலீங்களா டீச்சர்?"

பந்தல் ஓரத்தில் ஹசீனா நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டம் முழுவதிலும் பயமில்லாத கை அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். துளசிமணிக்கும் தெரியும். எடுத்துச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்து போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பியின் பக்கத்தில் போய் நின்று, கைப்பிடிமேல் இருந்த அவன் விரல்களுக்குமேல் தன் கையை வைத்தாள். அவன் கை வெதுவெதுப்பாக, தூங்குகிற குழந்தையின் கைபோலத் தளர்ந்து கிடந்தது. அவளுடைய விரல்நுனிகள் அவன் விரல்களைத் தாண்டிக் கறுப்பு உறையில் பட்டன.

படம் மாறக்கூட இல்லை. மேலே குழாயில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. மஞ்சள் கோலி மூன்றாவது தூணில் விழுந்தது.

பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. ஹசீனா தரையைப் பார்த்தாள்.

"விழுந்துருச்சு!" என்றான் தனபால். சந்தோஷத்தில் அவன் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "டீச்சர், எனக்கும் விழுந்துருச்சுங்க!"

துளசிமணி கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.